ஏற்காட்டில் ஒரு பாதிரியார் குடும்பம்: பெர்சிவலாரின் பின்னோக்கு

சேலத்திற்கு வடக்கே, சேர்வராயன் மலைத்தொடர்மீது, கடல்மட்டத்திற்கு 4,500 அடிக்கும் மேற்பட்ட உயரத்தில் அமைந்துள்ள ஏற்காட்டினைக் காப்பித் தோட்டங்கட்கும் ஏரிக்கும் உரிய ஊராகவே பலரும் அறிவர். தமிழாராய்ச்சியாளர் அவ்வூரை நினைத்தற்குப் பிறிதொரு காரணமும் உண்டு. ஆயினும், அது நம் இலக்கிய வரலாற்று நூல்களில் இடம்பெறுதல் அரிது. யாழ்ப்பாணத்தில் ஆறுமுக நாவலர் பயின்ற ஆங்கிலப் பள்ளியின் தலைவராகவும், விவிலியத் தமிழாக்கத்தில் அவரைத் துணைக்கொண்டவராகவும், சி. வை. தாமோதரம் பிள்ளையைச் சென்னைக்கு அழைத்தவராகவும் அறியப்பெறும் பீட்டர் பெர்சிவல் பாதிரியார், 1882-ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 11-ஆம் நாள் உயிர்நீத்தது இம்மலையூரிலேயாம். அவர் பிறந்தது 1803-ஆம் ஆண்டு. ஏறத்தாழ எழுபத்தொன்பது ஆண்டு வாழ்ந்த அவர், தம் வாழ்நாளின் பெரும்பகுதியைத் தமிழ் வழங்கும் நிலத்திலேயே கழித்தனர் என்பது ஈண்டு நினைவுகூரத்தக்கது.

பிறநாட்டுக்குச் சென்று சமயப் பணியாற்றிய ஐரோப்பியக் குடும்பத்தார், பணி முடிந்த பின்னரோ இடையே தாய்நாடு மீண்ட காலத்திலோ, தாம் கண்டதையும் செய்ததையும் திரும்பிப் பார்த்து எழுதும் வழக்கம் 19-ஆம் நூற்றாண்டில் பெரிதும் வளர்ந்தது. கடிதம், அறிக்கை, சொற்பொழிவு, நினைவுநூல், மக்களோ பேரரோ எழுதும் வரலாறு எனப் பல வடிவங்களில் அவை கிடைக்கின்றன. தமிழ்நாட்டைப் பற்றிய அத்தகைய எழுத்துக்கள் பெரும்பாலும் ஆங்கிலத்திலும் செருமன், தேனிய மொழிகளிலும் அமைந்தமையால், தமிழ்த்துறையினர் அவற்றைச் சமய வரலாற்றார்க்கு உரியன என்று ஒதுக்கிவிடுகின்றனர். இஃது ஏற்புடைய கொள்கையன்று. அவ்வெழுத்துக்கள் தமிழ்மொழியைப் பற்றியும் தமிழரைப் பற்றியும் ஒரு சாட்சியத்தைத் தருகின்றன. அச்சாட்சியத்தை எவ்வாறு ஏற்பது, எந்த அளவிற்கு ஏற்பது என்பதே வினா. பெர்சிவல் குடும்பத்தை முன்னிறுத்தி அவ்வினாவை ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதற்கண் வரலாற்றைச் சுருங்கக் கூறுவோம். வெசுலியன் சபையைச் சார்ந்த பெர்சிவலார் 1826-ஆம் ஆண்டில் யாழ்ப்பாணம் வந்தார். இடையே சிலகாலம் கல்கத்தாவில் பணியாற்றியது நீங்கலாக, 1850-ஐ ஒட்டிய ஆண்டுகள் வரையில் யாழ்ப்பாணமே அவர்க்கு இருப்பிடமாயிற்று. இன்று யாழ்ப்பாண மத்திய கல்லூரி என வழங்கும் பள்ளியை வளர்த்து உயர்த்தியவர் அவரே. வேம்படி மகளிர் பள்ளியின் தோற்றமும் அக்காலத்தைச் சார்ந்தது. அப்பெண்கல்விப் பணியில் பெர்சிவல் அம்மையார்க்குப் பங்குண்டு. (இவ்வகை நூல்களில் அம்மையார்தம் உழைப்பு ஓரிரு வரிகளுள் அடங்கிவிடும். பாதிரியாரின் மனைவி ஊதியம் பெறாத இரண்டாவது பாதிரியாராகவே உழைத்தார் என்பதை அறிந்தோர், அவ்வரிகளின் சுருக்கத்தைக் கண்டு வியப்படையார்.) 1842-இல் பழமொழித் தொகுதி ஒன்றினைப் பெர்சிவலார் வெளியிட்டார். 1850-இல் அவர் முதன்மை பெற்று நின்ற குழுவின் விவிலியத் தமிழாக்கம் சென்னையில் அச்சேறியது. பின்னர் இங்கிலாந்து சென்று, வெசுலியன் சபையினின்று நீங்கி, ஆங்கிலத் திருச்சபையிற் சேர்ந்து சென்னைக்கு வந்தார். நாளடைவில் சபைத் தொண்டினையும் விடுத்து, சென்னை மாநிலக் கல்லூரியில் பேராசிரியராகவும் இதழாசிரியராகவும் அகராதியாளராகவும் விளங்கினார். முதுமையில் ஏற்காட்டை அடைந்தார்.

இவ்வரலாற்றில் இரண்டு இடங்கள் நின்று நோக்குதற்குரியன. ஒன்று, விவிலியத் தமிழாக்கம். மற்றொன்று, 1854-இல் இலண்டனில் வெளிவந்த அவருடைய ஆங்கில நூல்.

விவிலியத் தமிழாக்கத்தைப் பற்றிய செய்திகள் பலவும் நாவலர் வரலாற்றின் ஒரு பகுதியாகவே நம்மை வந்தடைந்துள்ளன. இளைஞராய் இருந்த நாவலர் சைவ ஒழுக்கத்தினின்று வழுவாமலே பெர்சிவலாரிடம் பணியாற்றியதும், மொழிபெயர்ப்பினைச் சென்னைக்குக் கொண்டு சென்ற காலத்தில் மழவை மகாலிங்கையர் அதன் நடையைப் பாராட்டியதாகக் கூறப்படுவதும் பலரும் அறிந்தவை. பின்னையது செவிவழிச் செய்தி என்னும் அளவிலே கொள்ளத்தக்கது. எனினும், அது வழங்கிவருவதற்கு ஓர் அடிப்படை இருத்தல் வேண்டும். இலக்கணம் வல்லாரின் ஒப்புதலை வேதநூலுக்கு நாடும் மனநிலை, அதற்கு முன் இருந்த ஃபபிரிசியசு, இரேனியசு முதலியோரின் முயற்சிகளில் இத்துணை வெளிப்படையாகக் காணப்படவில்லை. அவர்கள் சபையோரின் செவியை நோக்கினர். பெர்சிவலார் புலவரின் செவியையும் நோக்கினார்.

அதன் விளைவு யாது? தமிழகத்துச் சபையார், குறிப்பாகத் திருநெல்வேலியில் பணிபுரிந்தோர், அம்மொழிபெயர்ப்பினை ஏற்றுக்கொள்ளவில்லை. வழக்கில் ஊன்றிய பழைய சொற்கள் மாற்றப்பட்டமையும், நடை உயர்ந்து சென்றமையும் அவர்கட்கு உடன்பாடாகவில்லை. இறுதியில் என்றி பவர் பாதிரியார் முதலியோர் உழைப்பில் உருவாகி 1871-இல் வெளிவந்த திருத்தப் பதிப்பே நிலைபெற்றது. யாழ்ப்பாணப் பதிப்போ, 'தற்காலிகத் திருப்புதல்' என்னும் பெயரோடு நூலகத்தின் அடித்தட்டிற்குச் சென்றது. பல ஆண்டு உழைத்த உழைப்பு இவ்வாறு ஒதுக்கப்பட்டமையைப் பெர்சிவலார் சென்னையில் இருந்தவாறே கண்டிருத்தல் வேண்டும். அவ்வுழைப்பில் ஓர் எழுத்தும் வீணாகவில்லை என்று நாம் கருதுகிறோம். ஆனால், அஃது அவர் கருதிய வழியிற் பயன்படவில்லை. விவிலியத்தை வரிவரியாகக் கற்ற நாவலர், அக்கல்வியைச் சைவத்திற்குக் கேடயமாக்கினார். 1847-ஆம் ஆண்டின் இறுதிநாளில் வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலில் அவர் தொடங்கிய சொற்பொழிவின் வடிவம் பாதிரியாரின் வடிவமே. 1854-இல் வெளிவந்த 'சைவ தூஷண பரிகாரம்' என்னும் நூலின் வாதமுறை, எதிரியின் வேதத்தை எதிரியினும் நன்கறிந்தார் ஒருவரின் வாதமுறையாகும்.

அதே 1854-ஆம் ஆண்டில்தான் பெர்சிவலாரின் பின்னோக்கு நூலும் வெளிவந்தது. இவ்வொற்றுமையை முன்னர் ஆராய்ந்தோர் போதிய அளவு எண்ணிப் பார்க்கவில்லை எனத் தோன்றுகிறது. ஆசிரியரும் மாணாக்கரும் ஒரே ஆண்டில், ஒருவர் இலண்டனிலும் மற்றவர் தமிழ் நிலத்திலும், தாம் ஒருங்கு கழித்த காலத்திற்கு இரு வேறு விளக்கங்களை உலகிற்குத் தந்தனர் எனலாம். ஆனால் இருவரும் ஒருவரையொருவர் நோக்கிப் பேசினர் அல்லர். 'வேதத்தின் நாடு' என்று பொருள்படும் தலைப்பினையுடைய பெர்சிவலாரின் நூல், கேண்டர்பரி நகரில் அந்நாளில் இருந்த புனித அகுசுதீனார் மறைப்பணிக் கல்லூரியில் அவர் ஆற்றிய சொற்பொழிவுகளை உட்கொண்டது. ஆகவே அதன் முதற் கேட்போர், இனிக் கப்பலேறவிருந்த ஆங்கில இளைஞர்கள். அவர்க்கு நாட்டின் இயற்கை, மொழிகள், சாதிமுறை, சமயங்கள், சபைத்தொண்டின் நிலை ஆகியன கூறப்பட வேண்டியிருந்தன. நூலின் தொனியையும் அளவையும் வரையறுத்தது இத்தேவையே.

இத்தகைய நூலினின்று உண்மையைப் பிரித்தெடுக்கும்போது, நூலாசிரியர் எவரை நோக்கிப் பேசினார் என்பதை முதலில் உணர்தல் வேண்டும். கோயில் வழிபாட்டையும் சைவ வைணவ நெறிகளையும் பற்றி அவர் கூறுவனவற்றில், மாற்ற வேண்டியது எது என்று கேட்கும் கண்ணே முந்துறக் காண்கிறது. அங்கு நாம் ஐயத்தோடு செல்வோம். மொழியைப் பற்றிப் பேசும் இடத்திலோ அவர் நடை மாறிவிடுகிறது. குறைந்த சொல்லால் மிகுந்த பொருளைச் செறிவாகவும் ஆற்றலோடும் உணர்த்துவதில் தமிழுக்கு நிகரான மொழி அரிது என்னும் கருத்தினை அவர் வெளிப்படக் கூறுகிறார். கால்டுவெல்லின் ஒப்பிலக்கணம் 1856-இல் வெளிவருவதற்கு இரண்டாண்டு முன்னரே கூறப்பட்ட மதிப்பீடு இது. மாணாக்கரை மகிழ்விக்க வேண்டிய கட்டாயம் அவர்க்கு இவ்விடத்தில் இல்லை. கப்பலேறவிருந்த இளைஞர்க்கு ஓர் அயல்மொழியின் அருமையைக் கூறுவதால் அவர்க்குப் பயனும் இல்லை. பயனின்றிக் கூறப்படும் புகழ் பெரும்பாலும் மெய்யாகவே இருக்கும். இவ்வளவுகோல் முற்றும் பிழையற்றது என்று நாம் கூறோம். எனினும், அயலார் நினைவுநூல்களை மதிப்பிடுவதற்கு இதனினும் எளிய கருவி நமக்குக் கிடைத்திலது.

சாதியைப் பற்றிய பகுதிகளில் இரு நிலையும் கலந்துள்ளன. தாழ்த்தப்பட்ட நளவர் குலத்துச் சிறுவன் ஒருவனைத் தம் பள்ளியிற் சேர்த்ததனால், உயர்குலத்து மாணாக்கர் பலர் பள்ளியை விட்டு நீங்கிய நிகழ்ச்சி 1840-களில் யாழ்ப்பாணத்தில் நடந்தது. பெர்சிவலார் தம் முடிவினை மாற்றிக்கொள்ளவில்லை. அயலார் என்னும் குறையும், அயலார் என்னும் வலிமையும் அவ்வொரு செயலிலேயே இருந்தன. அவ்வூர்ச் சமுதாயத்தின் உள்ளிருந்து அக்காலத்தில் அதனைச் செய்ய முன்வந்தார் எவர் என்று கேட்போமாயின், விடை நமக்குப் பெருமை தருவதாக இராது.

சென்னைக்கு வந்தபின் அவர் ஆற்றிய பணி வேறு வகையினது. 1855-இல் தொடங்கிய 'தினவர்த்தமானி' என்னும் இதழ், பெயரில் நாளினைக் கொண்டிருந்தும் கிழமை இதழாகவே வெளிவந்தது. அதன் ஆசிரியப் பொறுப்பிற்கு யாழ்ப்பாணத்திலிருந்து அவர் வரவழைத்த இளைஞரே தாமோதரம் பிள்ளை. அவ்வழைப்பு வாராதிருப்பின், சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளுள் ஒருவராக அவர் ஆகியிருப்பாரா, வீரசோழியமும் கலித்தொகையும் அவர் கையால் அச்சேறியிருக்குமா என்பன விடையிறுக்க இயலாத வினாக்கள். பாதிரியார் ஒருவர் அழைத்த இளைஞர், சங்க நூற்பதிப்பின் முன்னோடியானார் என்பது மட்டும் உறுதி. பெர்சிவலார் தம் வாழ்நாளின் பயன் என்று எதனைக் கருதினாரோ அறியோம். தமிழுலகம் அவரால் பெற்ற பயன்களுள் இது தலையாயது.

இனி, பழமொழித் தொகுதிக்கு வருவோம். 1842-இன் முதற்பதிப்பில் 1,800-க்கு மேற்பட்ட பழமொழிகள் இருந்தன. 1870-களில் வெளிவந்த விரிந்த பதிப்போ ஆறாயிரத்திற்கு மேற்பட்டவற்றை ஆங்கில மொழிபெயர்ப்புடன் தந்தது. முப்பது ஆண்டிற்கு மேலாகத் தொடர்ந்த உழைப்பு அது. விவிலியத்தை மாற்றியவர்கள் இருந்தனர். பழமொழியை மாற்றுவார் எவரும் இலர். வேதத்தைத் தமிழர்க்கு உரைக்கப் புறப்பட்டவர், முடிவில் தமிழர் உரைத்தவற்றைக் கேட்டு எழுதுபவராக அமைந்தார் என்று கூறின் அது மிகையாகாது. பின்னர் வந்த இலாசரசின் தொகுதி 1894-இல் ஒன்பதாயிரத்திற்கு மேற்பட்ட பழமொழிகளைச் சேர்த்தது. தேனிய நாட்டு மறைப்பணியாளரான எர்மன் யென்சென் 1897-இல் வெளியிட்ட தொகுதி, 3,600-க்கு மேற்பட்டவற்றைப் பொருள்வாரியாக வகுத்தது. எண்ணிக்கையில் குறைந்ததாயினும், வகைப்பாட்டினால் யென்செனின் நூல் ஆராய்ச்சியாளர்க்கு மிகவும் உதவுவது என்பது நம் கருத்து.

இத்தொகுதிகள் அனைத்திற்கும் பொதுவான ஒரு குறை உண்டு. பழமொழி என்பது தனித்து நிற்கும் வாக்கியமன்று. 'ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்' என்பதனை மாமியார் மருமகளை நோக்கிக் கூறுவதும், கொத்தனார் தம் கையாளை நோக்கிக் கூறுவதும், ஒருவர் தம்மையே நோக்கிக் கூறி நகைப்பதும் ஒன்றல்ல. யார், யாரிடம், எவ்வூரில், எச்சமயத்திற் கூறினார் என்பவை நீங்கிய பின்னர், அகரவரிசையில் எஞ்சி நிற்பது சொல்லின் உடம்பே. பெர்சிவலார்க்கு அவற்றைக் கூறிய யாழ்ப்பாணத்து உழவரும், வீட்டுப் பணிப்பெண்டிரும், திண்ணைப் பள்ளி ஆசிரியரும் அந்நூலில் பெயரளவிலும் இல்லை. இது பெர்சிவலார் ஒருவர்தம் குற்றமன்று. அக்காலத் தொகுப்புமுறையின் இயல்பு. எனினும், அயலாரின் நினைவெழுத்துக்களில் தமிழர் எங்ஙனம் இடம்பெறுகின்றனர் என்னும் நம் வினாவிற்கு இது நேர்விடையாகிறது. பேச்சு இருக்கிறது, பேசினார் இலர்.

ஏற்காட்டினை அவர் அடைந்த காலத்தில் அம்மலையூர் எந்நிலையில் இருந்தது என்பதனையும் ஒருவாறு அறிதல் வேண்டும். 1820-களில் சேலத்துக் கலெக்டராக இருந்த காக்பர்ன் துரை காப்பியையும் ஆரஞ்சு முதலிய பழமரங்களையும் அங்குக் கொணர்ந்தார் என்பர். நூற்றாண்டின் நடுப்பகுதிக்குள் தோட்ட முதலாளிகளின் வீடுகளும் கோயிலும் எழுந்தன. 1860-களின் தொடக்கத்தில் இருப்புப்பாதை சேலத்தை எட்டியதும், சென்னையின் வெம்மைக்கு அஞ்சிய ஐரோப்பியர்க்கு மலை அணித்தாயிற்று. நீலகிரியினும் செலவு குறைந்த இடம் ஆதலின், பெருஞ்செல்வர் அல்லாத ஐரோப்பியரும் இங்கே தங்கினர். பிற்காலத்தில் கன்னியர் மடத்துப் பள்ளியும், 1917-இல் மான்போர்ட்டுப் பள்ளியும் தோன்றி, ஏற்காட்டினைக் கல்விக்கு உரிய ஊராகவும் ஆக்கின.

ஆனால் இம்மலை வெற்றிடமாய்க் கிடந்ததன்று. மலையாளிகள் எனப்படும் மலைவாழ் மக்கள் அங்கு நெடுங்காலமாக வாழ்கின்றனர். கேரளத்தாரோடு இவர்களை மயக்குதல் கூடாது; மலையை ஆள்வோர் என்னும் பொருளதாகவே அப்பெயர் விளக்கப்படுகிறது. இவர்கள் பேசுவது தமிழே. காஞ்சிபுரத்தினின்று நீங்கிய உடன்பிறந்தார் மூவர், சேர்வராயன், கொல்லி, பச்சை ஆகிய மலைகளில் தனித்தனியே குடியேறினர் என்பது இவர்களிடை வழங்கும் தோற்றக்கதை. தொடரின் உச்சியில் சேர்வராயன் கோயில் இருக்கிறது; மே மாதத்தில் விழா நடைபெறும். நாகலூர், மஞ்சக்குட்டை, செம்மநத்தம், மாரமங்கலம் என்னும் ஊர்ப்பெயர்கள் எல்லாம் தெளிந்த தமிழ்ப்பெயர்கள். தமிழின் சுவையை அத்துணை போற்றிய பெர்சிவலார், தம் இறுதிக்காலத்தில் இம்மக்களின் தமிழினிடையே வாழ்ந்தார். அத்தமிழ் அவர் தொகுதியில் தனியிடம் பெறவில்லை. அதற்குள் தொகுதி முடிந்துவிட்டது.

அவர் விட்ட இடத்தில் அவர் குடும்பத்தார் ஒருவர் வேறு வகையில் தொடர்ந்தார். பெர்சிவலாரின் மகள் எலிசபெத்து அம்மையாரை 1862-இல் மணந்தவர் இராபர்ட் புரூஸ் ஃபூட். நில இயல் துறையில் 1858-இற் பணியேற்ற இவர், 1863-ஆம் ஆண்டு மே மாதம் 30-ஆம் நாள் பல்லாவரத்தில் பழைய கற்காலக் கருவி ஒன்றினைக் கண்டெடுத்தார். அவ்வாண்டிலேயே கிங் என்பாருடன் அத்திரம்பாக்கத்திலும் பல கருவிகளைக் கண்டார். இந்தியாவின் தொல்பழங்கால ஆராய்ச்சி அந்நாளில் தொடங்குகிறது என்பது யாவர்க்கும் உடன்பாடு. அத்திரம்பாக்கத்துக் கருவிகளின் பழமை ஏறத்தாழ 15 இலட்சம் ஆண்டு என 2011-இல் வெளியான ஆய்வு காட்டியது. விவிலியத்தின் படைப்பு வரலாற்றைத் தமிழாக்கிய பாதிரியாரின் மருமகனார், அவ்வரலாற்றின் காலக்கணக்கை உலுக்கும் கற்களைச் சென்னைக்கு அணித்தே பொறுக்கினார்! வீட்டில் இதுபற்றி உரையாடல் நிகழ்ந்ததா, நிகழ்ந்ததாயின் எவ்வாறு நிகழ்ந்தது என்பதை நாம் கற்பனை செய்தல் தகாது. ஒரு குடும்பத்திற்குள் நூற்றாண்டின் இரு பேரறிவுத் துறைகளும் ஒருங்கு உறைந்தன என்று கூறி அமைவோம்.

ஃபூட் 1891-இல் ஓய்வு பெற்று ஏற்காட்டிலே தங்கினார். முதல் மனைவியும் மாமனாரும் அதற்கு முன்னரே மறைந்துவிட்டனர். சேர்வராயன் மலையிற் கிடைத்த புதிய கற்காலக் கோடரிகளை ஆராய்ந்தவர் அவர். மெருகேற்றிய அக்கற்களை மலைவாழ் மக்கள் பிள்ளையார் கோயில்களில் வைத்து வழிபட்டு வந்தனர் என்னும் செய்தியும் அவர் குறிப்புக்களால் தெரிகிறது. உழவில் அகப்பட்ட கல்லின் வடிவும் வழவழப்பும் அது மனிதன் செய்தது என்பதனை உணர்த்தின. செய்தவன் இன்னான் என்பது தெரியாமையால் அதனைத் தெய்வத்தின்பாற் சேர்த்தனர். இதனை அறியாமை என்று கூறுவாரும் உளர். பழம்பொருளைப் பழம்பொருள் என்று கண்டு, எறியாது காத்த அறிவு என்றே நாம் கூறுவோம். 1904-இல் ஃபூட்டின் தொகுதி சென்னை அருங்காட்சியகத்தைச் சேர்ந்தது. அதன் விளக்கப்பட்டியல்கள், 1912-இல் அவர் மறைந்தபின், 1914-இலும் 1916-இலும் வெளிவந்தன. அவர் மகனார் என்றி புரூஸ் ஃபூட் 1884-ஐ ஒட்டிக் கர்நூலை அடுத்த பில்லசுர்க்கம் குகைகளை அகழ்ந்தவர். இவ்வாறாக, மூன்று தலைமுறையினர் இத்தென்னாட்டின் சொல்லையும் கல்லையும் தொகுத்தனர். பழமொழித் தொகுதிக்குக் கூறிய குறை ஈண்டும் பொருந்தும்: கல் பேழையில் இருக்கிறது, அதனைப் பிள்ளையார் அருகில் வைத்துக் காத்தவர் பெயர் பேழையில் இல்லை.

ஒப்புமைக்காக அயல்மலைக்கு ஒருமுறை செல்வோம். அதே சேலம் மாவட்டத்தில் அந்நாளில் அடங்கியிருந்ததும், இப்போது நாமக்கல் மாவட்டத்தைச் சார்ந்ததும் ஆகிய கொல்லிமலையில், 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் யெசி பிராண்ட், எவலின் பிராண்ட் என்னும் ஆங்கிலத் தம்பதியர் பணியாற்றினர். கணவர் 1929-இல் கருநீர்க் காய்ச்சலால் மலையிலேயே இறந்தார். மனைவியார் தம் சபை ஓய்வு கொடுத்த பின்னரும் மலைகளை விட்டு நீங்காது, 1974-இல், தொண்ணூறு ஆண்டு கடந்த முதுமையில் மறைந்தார். 1914-இற் பிறந்த அவர் மகனார் பால் பிராண்ட், வேலூரில் தொழுநோயாளரின் கைகளுக்கு அறுவை மருத்துவம் செய்து உலகப் புகழ் பெற்றவர். அவர் 1980-களில் எழுதிய கட்டுரை ஒன்று, கையளவு சேற்றினைப் பற்றியது. கொல்லிமலையில் தாமும் பிற சிறுவரும் படிக்கட்டு வயல்களில் தவளை பிடித்து விளையாடிய காலை, வரப்பின் வழியே சேற்று நீர் ஒழுகுவதைக் கண்ட முதியவர் ஒருவர், அச்சேற்றினைக் கையில் ஏந்தி, அதுவே தம் மக்கட்கெல்லாம் சோறு தருவது என்றும், ஒழுகிப் போன மண் மீண்டு வாராது என்றும் விளக்கினார். பின்னாளில் காடழிந்த மலைச்சரிவுகளைக் கண்டபோது அம்முதியவரின் சொல்லைப் பிராண்ட் நினைத்துக்கொள்கிறார்.

இக்கட்டுரையின் ஆங்கிலத்தினிடையே அம்முதியவர் 'தாத்தா' என்றே வழங்கப்படுகிறார். பேர்கூறாத குறை இதிலும் உண்டு. ஆயினும், பெர்சிவலின் ஆறாயிரம் பழமொழிகளிலும் இல்லாத ஒன்று இங்கே இருக்கிறது. சொன்னவர் இருக்கிறார், கேட்ட சிறுவர் இருக்கின்றனர், வயல் இருக்கிறது, சேறு கலங்கிய காரணம் இருக்கிறது. கற்பிக்க வந்த குடும்பத்தின் பிள்ளைக்குக் கற்பித்தவராக மலைவாணர் ஒருவர் தோன்றுகிறார். மலையிற் பிறந்து, மலைச்சிறுவரோடு அவர்தம் மொழியிலேயே விளையாடியவர் ஆதலின் பிராண்டுக்கு இது வாய்த்தது. இருபத்துமூன்றாம் வயதில் தமிழைக் கற்கத் தொடங்கிய பெர்சிவலுக்கு வாய்க்கவில்லை. மறைப்பணிக் குடும்பங்களின் எழுத்துக்களுள் பெற்றோர் எழுதியவற்றினும் பிள்ளைகள் எழுதியவற்றைத் தமிழாராய்ச்சியாளர் விரும்பித் தேடுதல் நன்று என்று இதனால் கருதுகிறோம்.

'பிறநாட்டுப் பணி' என்னும் தொடரையும் ஈண்டுச் சிறிது ஆராய வேண்டும். பெர்சிவலார் 1850-களில் இங்கிலாந்தில் இருந்தது சில ஆண்டுகளே. அங்கிருந்து பின்னோக்கி நூல் எழுதினார். எழுதி முடித்தபின் எதனை நோக்கி எழுதினாரோ அந்நாட்டிற்கே திரும்பினார். சபை மாறியது, பின் சபையே நீங்கியது, தொழில் மாறியது, தமிழ் மட்டும் மாறவில்லை. ஆகவே, 1854-இன் நூலினை அவர்தம் முடிந்த கருத்தாகக் கொண்டு அவரை மதிப்பிடுதல் பொருந்தாது. அதன்பின் இருபத்தெட்டு ஆண்டுகள் அவர் வாழ்ந்தார். அவ்வாண்டுகளின் மனநிலையை அறிதற்கு நினைவுநூல் எதனையும் அவர் விட்டுச்செல்லவில்லை. இதழும் அகராதியும் பழமொழியுமே சான்றுகள். தம்மைப் பற்றிக் கூறாத அச்சான்றுகள், தம்மைப் பற்றிக் கூறும் நூலினும் நம்பத்தக்கன.

அவற்றுள் உடனே செய்யத்தக்க பணி ஒன்றுண்டு. 1842-இன் யாழ்ப்பாணப் பதிப்பினையும் 1870-களின் விரிந்த பதிப்பினையும் அருகருகே வைத்து, பின்னர்ச் சேர்க்கப்பட்ட நாலாயிரத்திற்கு மேற்பட்ட பழமொழிகளைத் தனியே பிரித்தெடுத்தல் வேண்டும். அவற்றுள் சென்னை வழக்கிற்கு உரிய சொற்கள் எவை, யாழ்ப்பாண வழக்கினின்று மாற்றி எழுதப்பட்டவை எவை, முதற்பதிப்பில் இருந்து பின் விடுபட்டவை உளவா என்பன சொல்லளவில் ஆராயத்தக்கவை. அதனோடு, நாகலூரிலும் செம்மநத்தத்திலும் இன்று முதியோர் வாயில் வழங்கும் பழமொழிகளை, கூறுவார் பெயரும் கூறும் சமயமும் குறித்துப் பதிவுசெய்தல் வேண்டும். சேலத்துக் கல்லூரிகளில் முதுகலை பயிலும் மாணாக்கர்க்கு அம்மலை ஒரு மணிநேரப் பேருந்துப் பயணமே.